இரவல் குண்டு

1917 ஜனவரி 9, செவ்வாய்

வரைபடத்தில் மர்ஸா நுஹைல் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. வந்து பார்த்தால் சில பேரீச்சை மரங்களும் கவிழ்த்துப் போட்ட ஒரு தோணியும்தான். கப்பல் கரைக்கு வராது என்று எங்களை இடுப்பளவு கடலில் இறக்கிவிட்டார்கள். இலக்கணப் புத்தக மூட்டையைத் தலையில் சுமந்துகொண்டு ஹிஜாஸ் மண்ணில் கால் வைத்தேன். இந்த மண்ணுக்கு நான் ஹஜ்ஜுக்குத்தான் வருவேன் என்று உம்மா நினைத்திருந்தார்கள். காக்கிக் கால்சட்டையோடு வந்திருக்கிறேன். ஊருக்கு எழுதும்போது கால்சட்டையைப் பற்றி எழுத வேண்டாம்.

காயல்பட்டினத்து மொகுதூம் நெய்னா இங்கே வந்து சேர்ந்த விதம் இது. கொழும்பில் கல் வியாபாரத்தில் இருந்தேன். யுத்தம் வந்ததும் மாணிக்கம் வாங்க ஆளில்லை. பட்டாளத்துக்கு அரபி தெரிந்தவர் வேண்டும் என்றார்கள். மதரஸாவில் ஏழு வருடம் அரபி இலக்கணம் ஓதியிருக்கிறேன் என்றேன். எடுத்துக்கொண்டார்கள். எந்த அரபியிடமாவது பேசியிருக்கிறாயா என்று யாரும் கேட்கவில்லை. நானாகவும் சொல்லவில்லை.

எங்கள் தலைவர் கேப்டன் ஹார்க்னஸ். செம்பட்டை மீசை, வெயிலில் தோலுரிந்த மூக்கு. கரையேறியதும் ஈரக் காலோடு எனக்கு நிலவரத்தை விளக்கினார். அரபு மக்கள் துருக்கியரின் ஆட்சியை எதிர்த்து எழுந்துவிட்டார்கள். நம் சக்கரவர்த்தி அவர்களுக்குத் துப்பாக்கியும் அரிசியும் அனுப்புகிறார். இங்கிருந்து ஒரு காலைப்பொழுது நடந்தால் துருக்கியரின் கோட்டை ஒன்று வரும். இந்தப் பக்கத்துக் கூட்டத்தின் தலைவர் ஷேக் நாயிஃப் நம் உதவியோடு அதைப் பிடிப்பார். நான் சொல்வதை அவருக்கும், அவர் சொல்வதை எனக்கும் சொல்ல வேண்டியது உன் வேலை என்றார்.

தோணித்துறை கட்டுவதற்காக மதராஸ் சாப்பர் பட்டாளத்து ஹவில்தார் சவரிராயன் முன்பே வந்திருக்கிறார். ஊர் வடக்கன்குளம். என்னைக் கண்டதும், "தமிழ்ல ஒரு வார்த்த பேசுங்க ஆலிம்சா. மாசக்கணக்கா எனக்கு நானே பேசிக்கிட்டுக் கெடக்கேன்" என்றார்.

ஜனவரி 12, வெள்ளி

எங்கள் ஊரில் இன்று ஜும்ஆ குத்பாப் பிரசங்கத்தில் துருக்கி சுல்தானுக்காக துஆ கேட்டிருப்பார்கள். நான் இங்கே அந்த சுல்தானின் சிப்பாய்களைப் பிடிக்க ஆள் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். இதைப் பற்றி அதிகம் நினைக்காமல் இருப்பது உடம்புக்கு நல்லது.

ஷேக் நாயிஃபின் கூடாரத்தில் முதல் சந்திப்பு. கேப்டன் நின்றுகொண்டு, சுதந்திரம் என்பது மனிதகுலத்தின் பிறப்புரிமை என்று தொடங்கி நெடுநேரம் பேசினார். நான் வேற்றுமை உருபு ஒன்றும் பிசகாமல் அதை அரபியில் சொன்னேன்.  கூடாரத்தில் எல்லோரும் சிரிக்க ஆரம்பித்தார்கள். ஷேக் தலைத்துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னதை எங்கள் ஊர்ப் பேச்சிலேயே எழுதுகிறேன்.

"நீங்க பேசுறது விளங்காம இல்லெ. நல்லா விளங்குது. கபுருலெ இருந்து பெரியவங்க யாரோ எந்திரிச்சு வந்து பேசுற மாதிரி ஈக்கிது. இன்னும் கொஞ்சம் பேசுங்கோ."

"ஏன் சிரிக்கிறார்கள்?" என்றார் கேப்டன்.

"சுதந்திரம் என்றதும் சந்தோஷம்" என்றேன்.

ஷேக் கேட்டது கூடாரத் துணி, சர்க்கரை, காப்பிக்கொட்டை. கோட்டை பற்றிக் கேட்டதற்கு, "கோட்டை எங்கெ போயிரும்? அங்கெதானெ ஈக்கிது" என்றார். உறுதியாக இருக்கிறார் என்று கேப்டனிடம் சொன்னேன்.

ஜனவரி 13, சனி

எழுச்சி இன்று நடக்கவில்லை. காற்று அதிகம்.

ஜனவரி 20, சனி

கப்பல் வந்தது. பெட்டி பெட்டியாக இறக்கினோம். முதல் பெட்டிகளில் கம்பளிக் கையுறைகள். பிரான்ஸில் பனியில் நிற்கும் பட்டாளத்துக்குப் போக வேண்டியவை. திருப்பி அனுப்பக் கப்பலில் இடமில்லையாம். ஷேக் ஒன்றை எடுத்து விரல்களை எண்ணிப் பார்த்தார். ஒட்டகைக்குக் காம்பு நான்கு, கையுறைக்கு விரல் ஐந்து, ஒன்று உபரி என்றார். சாயங்காலத்துக்குள் கூட்டத்தின் பெண் ஒட்டகைகள் எல்லாம் மடியில் கையுறை மாட்டிக்கொண்டு நடந்தன. குட்டிகள் திருட்டுப்பால் குடிக்க முடியாமல் கத்தின. சக்கரவர்த்தியிடமிருந்து வந்தவற்றில் இதுவரை உபயோகமானது இதுதான் என்று ஷேக் நன்றி சொன்னார். சக்கரவர்த்திக்கு நன்றி என்பதை மட்டும் மொழிபெயர்த்தேன்.

கடைசியாகப் பீரங்கி. ஜெர்மன் தேசத்தில் செய்த பழைய பீரங்கி; எகிப்தில் ஏதோ கிடங்கில் கிடந்ததாம். கரைக்குக் கொண்டுவர எல்லோரும் சேர்ந்து இழுத்தோம். குண்டுப் பெட்டியைத் திறந்து ஒரு குண்டைப் பீரங்கியின் வாயில் வைத்துப் பார்த்த சவரிராயன் அதைத் திரும்ப எடுத்துக் கீழே வைத்தார்.

"பீரங்கி ஒரு சாதி, குண்டு வேற சாதி. இந்தச் சம்பந்தம் ஒத்துவராது ஆலிம்சா."

ஜனவரி 27, சனி

சரியான குண்டு கேட்டு எழுதியதற்குப் பதில் வந்தது. பீரங்கி வந்து சேர்ந்ததற்கு மகிழ்ச்சி தெரிவித்திருக்கிறார்கள். குண்டைப் பற்றி ஒன்றும் இல்லை. பீரங்கி ஷேக்கின் கூடார வாசலில் நிற்கிறது. அதன் குழாயில் துணி காயப் போடுகிறார்கள்.

நான் இந்தக் குறிப்புகளைத் தமிழில்தான் எழுதுகிறேன், ஆனால் எங்கள் ஊர் வழக்கப்படி அரபி எழுத்தில். இன்று ஷேக்கின் தம்பி இதைக் கையில் எடுத்து, சத்தம் போட்டு வாசித்தார். எழுத்து தெரிகிறது, அர்த்தம் தெரியவில்லை. சவரிராயன் குறட்டை விடும்போது கூடாரம் உப்பி அடங்குகிறது என்று நான் எழுதியிருந்ததை அவர் ராகமாக வாசித்து முடித்தபோது, சவரிராயன் பக்கத்தில்தான் நின்றிருந்தார்.

"நல்லா வாசிக்காரு" என்றார். சாயங்காலம் வரை என்னோடு பேசவில்லை.

பிப்ரவரி 2, வெள்ளி

எழுச்சி எப்போது தொடங்கும் என்று கேப்டனுக்கு மேலிடத்திலிருந்து தினமும் கம்பியில்லாத் தந்தி வருகிறது. கோட்டைக்குப் போய்ச் சரணடையச் சொல்லிப் பேசிவிட்டு வா என்று என்னிடம் சொல்லிவிட்டார். வெள்ளைக்காரக் கிறிஸ்தவ அதிகாரிகள் உள்நாட்டுக்குள் போனால் வம்பு என்பதால் அவர் வரமுடியாது. வெள்ளைக் கொடிக்கு என் வேட்டியைத்தான் எடுக்க வேண்டும்.

"சுட்டா என்ன செய்வீய?" என்றார் சவரிராயன்.

"வேட்டி பெரிசு. தூரத்திலேயே தெரியும்" என்றேன்.

பிப்ரவரி 5, திங்கள்

இன்று கோட்டைக்குப் போய் வந்தேன். கண்டதை ஒழுங்காக எழுத வேண்டும்.

வழிகாட்டி வேண்டுமே என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் ஷேக்கின் ஒட்டகைகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. அவற்றின் மேலிருந்தவை நம் ரங்கூன் அரிசி மூட்டைகள், நம் முத்திரையோடு. ஒட்டகைகள் நேராகத் துருக்கியர் கோட்டை வாசலுக்குள் நுழைந்தன. காவல் நின்ற சிப்பாய் ஒட்டகைக்காரரிடம் நலம் விசாரித்தான். வேட்டியைக் கம்பில் கட்டிக்கொண்டு நின்ற என்னைத்தான் விநோதமாகப் பார்த்தான். கொஞ்ச நேரத்தில் ஒட்டகைகள் தண்ணீர்த் துருத்திகளோடு திரும்பி வந்தன.

"கெணறு கோட்டைக்குள்ளெதானெ ஈக்கிது" என்று ஒட்டகைக்காரர் எனக்குப் பொறுமையாக விளக்கினார். "தண்ணி தாறவங்களுக்கு அரிசி குடுக்காம வருவாஹளா? நாங்க முற்றுகை போட்டீக்கிறோம். தாகத்துலெ செத்துட்டா யாரு முற்றுகை போடுறது?"

கோட்டைத் தளபதி ரிஃபத் எஃபெந்தி எலும்பும் தோலுமாக, ஆனால் பொத்தான்கள் எல்லாம் போட்ட சட்டையோடு என்னை வரவேற்றார். அவர் வாய் திறந்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அவரும் அரபியைப் புத்தகத்தில் படித்தவர். நான் ஓதிய அதே இலக்கணம். எங்கள் பேச்சைத் தமிழாக்கினால் இப்படித்தான் வரும்:

"வருக, ஐயன்மீர். தாங்கள் எந்நாட்டினர்?"

"யான் இந்திய தேசத்தின் தென்கோடியைச் சார்ந்தவன்."

"தங்கள் வேற்றுமை உருபுகள் யாவும் பிழையற விளங்குகின்றன."

"தங்கள் வினைமுற்றுகளும் அவ்வாறே."

ஹிஜாஸில் கால் வைத்த பிறகு என் அரபிக்குச் சிரிக்காத முதல் மனிதர். ஒட்டகைக்காரர்கள் மட்டும் வாசலில் நின்று எங்கள் இருவரையும் பார்த்துச் சுவரில் சாய்ந்து சிரித்தார்கள்.

அவருடைய ஆட்களைக் காட்டினார். வெறும் அரிசிச் சோறே தின்று கால் வீங்கி, ஈறில் ரத்தம் கசியக் கிடக்கிறார்கள். ஹலீல் என்ற ஒருவனால் எழுந்து உட்காரவும் முடியவில்லை. ஊர் எங்கோ கருங்கடல் பக்கமாம். மேலிடத்திலிருந்து இவர்களுக்கு உணவு வந்து பல மாதம் ஆகிறது. சரணடைய இன்றே தயார் என்றார் ரிஃபத் எஃபெந்தி. ஆனால் பீரங்கித் தாக்குதல் இல்லாமல் கோட்டையை விட்டால் அவர் துரோகி என்று ஆகிவிடும். ஸ்தம்பூலில் மனைவி மக்கள் தலைகாட்ட முடியாது.

"ஒரேயொரு வேட்டு போதும்" என்றார். "தங்களிடம் பீரங்கி உளதன்றோ?"

"உளது. ஆயின் குண்டு இல்லை" என்றேன்.

அவர் என்னைக் கிடங்குக்கு அழைத்துப் போனார். அங்கே குண்டுகள் அடுக்கியிருந்தன. ஜெர்மன் குண்டுகள். அவர்களுடைய பீரங்கியை எப்போதோ மதீனாவுக்கு எடுத்துப் போய்விட்டார்களாம்.

பிப்ரவரி 6, செவ்வாய்

குண்டு கிடைத்துவிட்டது என்று கேப்டனிடம் சொன்னேன்.

"எங்கிருந்து?"

"துருக்கியரிடமிருந்து."

கேப்டன் எழுந்து என் கையைக் குலுக்கினார். "எதிரியின் கிடங்கிலேயே கைவைத்துவிட்டார்களா? இதைத்தான் எழுச்சி என்கிறேன்."

நான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 8, வியாழன்

பீரங்கியை ஒட்டகைகளில் கட்டி இழுத்துப் போய்க் கோட்டைக்கு எதிரே நிறுத்தினோம். குண்டுகளைக் கோட்டைச் சிப்பாய்களே சுமந்து வந்து கொடுத்துவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். கேப்டன் கரையில் உயரமான ஒரு மணல் மேட்டில் நின்று தூரக்கண்ணாடியில் பார்ப்பதாக ஏற்பாடு. அவ்வளவு தூரத்திலிருந்து புகைதான் தெரியும்.

சவரிராயன் பாலம் கட்டுவார், கிணறு வெட்டுவார். பீரங்கி சுட்டதில்லை. வேறு ஆளும் இல்லை. சிலுவை போட்டுக்கொண்டு கயிற்றை இழுத்தார். குண்டு கோட்டைக்கு மேலே வெகு உயரத்தில் போய், அந்தப் பக்கத்து மலையில் விழுந்தது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் அங்கிருந்து எங்களைத் திட்டுவது காற்றில் கேட்டது.

கொஞ்ச நேரத்தில் கோட்டைக் கதவு திறந்து ஒரு சிப்பாய் வந்தான். தளபதி சொல்லி அனுப்பியது: முதல் வேட்டுக்கு நன்றி. ஆனால் மலையைச் சுட்டதைக் கோட்டையைச் சுட்டதாக எழுத அவர் மனம் ஒப்பவில்லை. தயவுசெய்து சற்றுக் கிட்டத்தில்.

"உள்ள ஆள் இருக்குல்லா" என்றார் சவரிராயன். கயிற்றைக் கீழே போட்டார். "இவன் கிட்டத்துல சுடுங்கான். எனக்குக் கிட்டத்துல எப்படிச் சுடன்னு தெரியாது. தலைக்கு மேல விழுந்தா அந்தப் பாவத்த யாரு சொமக்க?"

வடமேற்கு மூலையில் யாரும் இல்லை, பழைய ஆட்டுக்கிடைதான் என்று சிப்பாய் கையைக் காட்டினான். அதோடு நிற்காமல் அவனே வந்து குழாயைத் தள்ளித் தாழ்த்திக் கொடுத்தான். பழைய பீரங்கிக்காரனாம். இன்னும் கொஞ்சம் என்று சைகை காட்டிவிட்டு, தான் உள்ளே போய்ச் சேரும் வரை பொறுக்கச் சொல்லி ஓடினான். காத்திருந்தோம். கதவைச் சாத்தினார்கள். சவரிராயன் கண்ணை மூடிக்கொண்டு இழுத்தார்.

ஆட்டுக்கிடைச் சுவர் புழுதியாகச் சரிந்தது. ரிஃபத் எஃபெந்தி எல்லாப் பொத்தான்களோடும் வாளைக் கையில் தாங்கியபடி வெளியே வந்தார். பின்னால் அவருடைய ஆட்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு வந்தார்கள். ஹலீலைக் கதவுப் பலகையில் வைத்துத் தூக்கி வந்தார்கள். ஷேக்கின் ஆட்கள் ஓடிப்போய்த் தாங்கிக்கொண்டார்கள். யாருக்கும் காயம் இல்லை என்று தெரிந்ததும் சவரிராயன் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார்.

பிப்ரவரி 9, வெள்ளி

கரையில் எல்லோரும் சேர்ந்து ஜும்ஆ தொழுதோம். குத்பாவில் ஆட்சியாளரின் பெயர் சொல்லி துஆ கேட்க வேண்டிய இடம் வந்தது. முன் வரிசையில் ஷேக், பக்கத்தில் துருக்கித் தளபதி. சுல்தான் பெயரைச் சொல்வதா, எழுந்த அரபு மக்களின் புது மன்னர் பெயரைச் சொல்வதா? ஷேக்கின் இமாம் அந்த இடத்தில் இருமினார். ரொம்ப நேரம் இருமினார். எல்லோரும் ஆமீன் சொன்னோம்.

பிப்ரவரி 11, ஞாயிறு

கோட்டை பிடிபட்டது என்று கேப்டன் அனுப்பிய தந்திக்குப் பதில் வந்துவிட்டது. நான் பக்கத்தில் நிற்கும்போதே வாசித்தார். வாசித்துவிட்டுத் திரும்பவும் வாசித்தார்.

கோட்டையைப் பிடித்திருக்கக் கூடாதாம். புதுத் திட்டம். துருக்கியர் தங்கள் கோட்டைகளிலேயே அடைந்து கிடக்க வேண்டும். அங்கே இருக்கும் வரை அவர்களுக்குச் சோறு போடுவது அவர்களுடைய சர்க்கார் பாடு. கைதியானால் நம் பாடு. ஏற்கெனவே பிடித்தாயிற்றே என்று கேப்டன் மறு தந்தி கொடுத்தார். மாலையில் அதற்கும் பதில் வந்தது: அப்படியானால் பழையபடி ஆக்கவும்.

பழையபடி என்றால் முழுக்கப் பழையபடி இல்லை. கோட்டையிலிருந்து கைதிகளோடு வந்த சாமான்களில் நம் அரிசிச் சாக்குகளைக் கேப்டன் பார்த்துவிட்டார். இனி ஒரு மணி அரிசி உள்ளே போகக்கூடாது என்று உத்தரவு. ஹலீல் இன்று பேரீச்சம்பழத்தைப் பாலில் கரைத்துக் கொடுத்ததைக் குடித்தான். இரண்டு மிடறு.

ராத்திரிச் சோற்றுக்கு உட்கார்ந்தபோது கேப்டன் திடீரென்று, "கோட்டைக்கு அரபியில் என்ன வார்த்தை?" என்று கேட்டார். அவர் இதுவரை எந்த வார்த்தையையும் கேட்டதில்லை.

"கல்அத்" என்றேன்.

"கஷ்டமான மொழி" என்றார். சாப்பிடாமல் எழுந்து போனார்.

பிப்ரவரி 12, திங்கள்

ஷேக்கின் கூடாரம். கேப்டன் என்னைப் பார்க்காமல் சொன்னார்: "துருக்கியரைக் கோட்டைக்குத் திருப்பிக் கொண்டுபோய் உள்ளே வைத்து அடைக்கச் சொல். நாளைக்குள்."

நான் சொன்னேன்.

இங்கே ஒரு விஷயத்தைக் குறித்து வைக்க வேண்டும். அரபியில் கோட்டைக்குக் 'கல்அத்' என்று பெயர். வேரோடு பிடுங்கு என்பதற்கு 'இக்லஃ'. இரண்டும் ஒரே வேரில் பிறந்த சொற்கள். மதரஸாவில் முதல் வருடத்திலேயே சொல்லிக் கொடுப்பார்கள். வெயில் கடுமையாக இருந்தது. எனக்குக் காய்ச்சல் வருவதுபோலவும் இருந்தது. என்ன வாக்கியம் சொன்னேன் என்பது இப்போது சரியாக நினைவில் இல்லை.

ஷேக் என்னை உற்றுப் பார்த்தார். "கோட்டையெப் பிடுங்கவா சொல்றாஹ?"

அதே வாக்கியத்தை மறுபடி சொன்னேன்.

"கதவு, உத்தரம் எல்லாத்தையும் நாங்களே எடுத்துக்கிறலாமா?"

உதவிக்கு ஆட்களைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்கிறார் என்று கேப்டனிடம் சொன்னேன். தேவைப்பட்ட அளவு சேர்த்துக்கொள்ளட்டும் என்றார் கேப்டன். அதையும் சொன்னேன்.

ஷேக் எழுந்தார். வந்த நாளிலிருந்து அவர் இவ்வளவு வேகமாக எழுந்து நான் பார்த்ததில்லை. வெளியே போய் ஒரு சத்தம் கொடுத்தார். ஆண், பெண், ஒட்டகை, கழுதை எல்லாம் புறப்பட்டுவிட்டன. அரபு எழுச்சியை நான் கண்ணால் கண்டது இன்றுதான்.

பிப்ரவரி 13, செவ்வாய்

கோட்டை இல்லை.

சவரிராயனோடு போய்ப் பார்த்தேன். கதவுகள் போய்விட்டன, உத்தரங்கள் போய்விட்டன, தகரங்கள் போய்விட்டன. நடக்க முடிந்த துருக்கிச் சிப்பாய்களும் வந்து, எந்தக் கல் முதலில் ஆடும் என்று காட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கிணறு மட்டும் திறந்த வெளியில், யாருக்கும் சொந்தமில்லாமல் நிற்கிறது. சுற்றிலும் ஒட்டகைகள்.

"கடப்பாரை நான் குடுக்கல ஆலிம்சா" என்றார் சவரிராயன், நான் கேட்காமலே. "காணாமப் போச்சி. எல்லாமே காணாமப் போச்சி." பிறகு குரலைத் தாழ்த்தினார். "நீங்க என்ன சொன்னிய, ஏது சொன்னியன்னு நான் கேக்கல. ஆனா யுத்த காலம். சுட்டுப் போடுவானுவ."

"வாக்கியப் பிழைக்கா?"

"எதுக்குன்னாலும்."

அந்த வெயிலிலும் கம்பளியைப் போர்த்திக்கொண்டேன். காய்ச்சல்தான்.

மாலையில் கேப்டன் கூப்பிட்டனுப்பினார். 

"உன் அரபி மிக மோசம்" என்றார்.

"ஆமாம் ஐயா."

"இதை நான் மேலிடத்துக்கு எழுதித்தான் ஆக வேண்டும்."

"ஆமாம் ஐயா."

தன்னுடைய கோப்பையில் தேநீர் ஊற்றி என் பக்கம் நகர்த்திவிட்டு, கைதிகளை எகிப்துக்கு ஏற்றிப்போகக் கப்பல் கேட்டுத் தந்தி எழுத உட்கார்ந்தார். அடைத்து வைக்க வேறு இடம் இல்லை என்பது அவருடைய தந்தியின் முதல் வரி.

பிப்ரவரி 17, சனி

விசாரணைக்காகக் கெய்ரோவிலிருந்து அரபி தெரிந்த மேஜர் ஒருவர் வந்தார். பேசிக் காட்டச் சொன்னார். கைதிகளைக் கோட்டைக்குத் திருப்பி அனுப்பவும் என்பதை அரபியில் சொல் என்றார். இம்முறை சரியாகத்தான் சொன்னேன். அவர் பென்சிலைக் கீழே வைத்தார்.

"இப்படிப் பேசிய கடைசி மனிதர் செத்துப் பல நூறு வருஷம் ஆகியிருக்கும்" என்று கேப்டனிடம் சொன்னார். "இதைக் கேட்ட ஷேக் என்ன செய்திருந்தாலும் அவரைக் குற்றம் சொல்ல முடியாது."

துரோகம் இல்லை, திறமையின்மை என்று தீர்ப்பு. வேலை போயிற்று. கழுத்து தப்பியது. அதற்கு நன்றி செலுத்த வேண்டியவன், கூடாரத்துக்கு வந்ததிலிருந்து கோபமாகவே இருக்கிறேன். ஏழு வருடம் ஓதியிருக்கிறேன். எனக்கு அரபி தெரியாதாம்.

பிப்ரவரி 20, செவ்வாய்

விடிந்ததும் ஹலீல் போய்விட்டான். கப்பல் நாளை மறுநாள் வருகிறது. அவனை நானும் ரிஃபத் எஃபெந்தியும் குளிப்பாட்டினோம். வீங்கிய கால் குளிப்பாட்டும்போதும் வற்றவில்லை. துருக்கியரும் ஷேக்கின் ஆட்களும் ஒரே வரிசையில் நின்று ஜனாஸா தொழுதார்கள். பின்னால் கேப்டனும் சவரிராயனும் தலைக்குல்லாவைக் கழற்றிக்கொண்டு நின்றார்கள். இமாம் என்ன சொல்கிறார் என்று கேப்டன் கேட்கவில்லை.

ஊர் எது என்று கேட்டிருந்தேன். கருங்கடல் பக்கம் என்றுதான் தெரியும். கிராமத்தின் பெயர் ரிஃபத் எஃபெந்திக்கும் தெரியவில்லை.

பிப்ரவரி 22, வியாழன்

கப்பல் வந்தது. கைதிகளோடு நானும் போகிறேன். ஷேக் கரை வரை வந்து என்னைக் கட்டிக்கொண்டு, "உங்களெ மாதிரி பேச இனி யாரு ஈக்கா?" என்றார். சவரிராயன் என் புத்தக மூட்டையைத் தண்ணீரில் நனையாமல் படகு வரை தலையில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்.

மார்ச் 1, வியாழன்

சூயஸில் இறங்கினோம். ஏணியின் அடியில் ஒரு வெள்ளைக்காரச் சிப்பாய் பெயர் கேட்டுக்கொண்டிருந்தான். மொகுதூம் நெய்னா என்றேன். இடப்பக்கம் கையைக் காட்டினான். இடப்பக்கம் கைதிகள் வரிசை.

நான் பிரிட்டிஷ் பிரஜை, பட்டாளத்தில் மொழிபெயர்ப்பாளனாக இருந்து நீக்கப்பட்டவன் என்று இங்கிலீஷில் சொன்னேன். அவன் முகம் மலர்ந்துவிட்டது. திரும்பி, "சார்ஜென்ட், இங்கே இங்கிலீஷ் பேசும் துருக்கியன் ஒருவன் இருக்கிறான்" என்று குரல் கொடுத்தான்.

சார்ஜென்டுக்கும் மகிழ்ச்சி. முகாமுக்கு ஒரு மொழிபெயர்ப்பாளரைப் பல நாளாகத் தேடிக்கொண்டிருந்தாராம். முகாமுக்குள் கொண்டுவந்து வேலி ஓரமாக நிறுத்தினார்கள். ரிஃபத் எஃபெந்தி சார்ஜென்டின் முன்னால் வந்து நின்று, நெஞ்சில் கைவைத்து, எனக்காகப் பேசினார். சார்ஜென்ட் என் பக்கம் திரும்பினார்.

"என்ன சொல்கிறான்?"

"என்னைத் துருக்கியன் இல்லை, கைதியும் இல்லை என்கிறார்."

சார்ஜென்ட் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சிரித்தார். "நீ அப்படித்தான் மொழிபெயர்ப்பாய்."

ரிஃபத் எஃபெந்தி விடவில்லை. இம்மனிதர் குற்றமற்றவர், எம்பொருட்டு இன்னலுற்றார், இவரை விடுவித்தல் தங்கள் கடமை என்று, ஒரு உருபும் பிசகாமல், கண் கலங்கப் பேசிக்கொண்டே போனார். அவருக்குப் பின்னால் வெயிலில் நிற்க முடியாமல் நால்வர் மண்ணில் உட்கார்ந்துவிட்டார்கள். ஒருவன் தலை மற்றவன் மடியில் சாய்ந்திருந்தது.

"இப்போது என்ன சொல்கிறான்?" என்றார் சார்ஜென்ட்.

"உயிருக்கு ஆபத்தான நோயாளிகள் இருக்கிறார்கள், உடனே டாக்டர் வேண்டும் என்கிறார்" என்றேன்.

சார்ஜென்ட் திரும்பிப் பார்த்தார். ஒரு ஆளை ஓடச் சொன்னார். ரிஃபத் எஃபெந்தி பேச்சை நிறுத்திவிட்டு, நம்பிக்கையோடு என் முகத்தைப் பார்த்தார். நான் தலையசைத்தேன்.

டாக்டர் வந்துவிட்டார்.